மேசையைத் தட்டும் ஒலி

அடைப்புக்குறிக்குள் மூன்றே சொற்கள்: மேசையைத் தட்டும் ஒலி. பால்வண்ணம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மேல்துண்டின் முனையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். சொற்கள் இடம்பெயரவில்லை. தட்டச்சு செய்த தாளில், அமைச்சரின் விடை முடிந்த இடத்துக்கும் அடுத்த வினாவின் எண் தொடங்கும் இடத்துக்கும் நடுவே, எவருக்கும் சொந்தமில்லாத பொருளைப்போல அவை கிடந்தன. யார் தட்டியது என்று தாள் சொல்லவில்லை. சொல்வது வழக்கமும் இல்லை. பேரவையில் ஒருவர் பேசினால் அவர் பெயர் உண்டு, தொகுதி உண்டு. இடைமறித்தால் குறுக்கீடு என்று உண்டு. தட்டினால் ஒலி மட்டுமே உண்டு, கை கிடையாது. உறுப்பினர்கள் தாம் பேசியதைப் படித்துப் பார்த்து, நா தவறிய இடங்களை மட்டும் திருத்தி, தாள்தோறும் கையொப்பமிட்டுத் தரவேண்டும் என்பது ஏற்பாடு. பேச்சுகளைக் குறிப்பெடுக்கும் பேரவை நிருபர் பிரிவிலிருந்து ஜெசிந்தா என்ற பெண் மூன்றரை மணிக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஐந்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் ஐயா, சொல்லாததைச் சேர்க்க முடியாது, சொன்னதை எடுக்க முடியாது, எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் பாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொல்லிவிட்டுப் போனாள். அவருடைய வினா நான்கு வரி. துணை வினா ஒன்பது வரி. ஒன்பதில் ஏழு நன்றி. அவற்றில் ஒரு பிழையும் இல்லை. பிழை அடைப்புக்குறிக்குள் இருந்தது. அது அவர் திருத்தக்கூடிய பிழையாக இல்லை. உறுப்பினர் நூலகத்தின் சுவர்க்கடிகாரம் மூன்று ஐம்பது காட்டியது. நாலரைக்கு ஊர்க்காரன் கொம்பையா வருவான். இந்தத் தாளின் நகல் ஒன்றைக் கேட்டிருக்கிறான். ஆறு மணி வண்டியில் ஊருக்குப் போகிறவன், வீட்டில் காட்டவேண்டும் என்று கேட்டிருக்கிறான்.

காலையில் நடந்தது இவ்வளவுதான். இவ்வளவுதான் என்று மனம் சொல்லும்போதே அது எவ்வளவு என்று உடம்பு அறிந்து சிறுத்தது. மருதங்குறிச்சி அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு தொடங்க அரசு முன்வருமா? இருநூற்றுப் பதினான்காம் வினா. எட்டு மாதம் முன்பு எழுதிக் கொடுத்தது, குலுக்கலில் விழாமல் விழாமல் போய், இந்தக் கூட்டத்தொடரில்தான் விழுந்தது. விழுந்தது என்று தெரிந்த அன்றே அவர் கொம்பையாவுக்குப் போன் செய்து, நீ வந்து மாடத்தில் உட்கார்ந்து உன் காதாலேயே கேளு என்று பெருமையாகச் சொன்னார். நுழைவுச் சீட்டும் அவரே வாங்கிக் கொடுத்தார். பார்வையாளர் மாடம் அவருடைய கடைசி வரிசைக்கு நேர் எதிரே, உயரத்தில். வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொம்பையா அங்கே அமர்ந்திருந்ததை அவர் கண்டார். கண்டதும் முதுகு தானாக நிமிர்ந்தது. அத்தகைய கருத்துரு எதுவும் அரசின் பரிசீலனையில் இல்லை என்றார் அமைச்சர். பால்வண்ணம் எழுந்து, துணை வினா கேட்க வாய்ப்பளித்த பேரவைத் தலைவருக்கும், தன்னைப் பேரவைக்கு அனுப்பிய கட்சித் தலைவருக்கும், தாயினும் பரிவுடைய அமைச்சருக்கும் நன்றி சொல்லி, எங்கள் பகுதி நோயாளிகள் அறுபத்தெட்டு கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியிருப்பதால் அமைச்சர் அருள்கூர்ந்து ஆவன செய்வாரா என்று முடித்து அமர்ந்தார். அமைச்சர் நல்ல பேச்சாளர். உறுப்பினர் அறுபத்தெட்டு கிலோமீட்டர் என்று சொன்னார், அந்த அறுபத்தெட்டும் நம் தலைவர் ஆட்சியில் போட்ட சாலை என்பதைச் சொல்ல மறந்துவிட்டார், அந்தச் சாலையில் மாவட்ட மருத்துவமனை ஒரு மணி நேரம், கையில் வைத்த நீர் தளும்பாமல் போய்ச் சேரலாம், ஆகவே தனிப் பிரிவுக்கான தேவை எழவில்லை என்பதை நம் தலைவரின் பெருமையோடு சேர்த்துத் தெரிவித்து அமர்கிறேன் என்றார். குரல் ஏறியது, ஒரு வளைவு வளைந்தது, தலைவர் பெயரில் போய் நின்றது. அப்போது கை தட்டியது. அவர் கை. வலக் கை, ஐந்து விரலும் சேர்ந்து, மேசையில், படபடவென்று. அரைக் கணம் அது ஒன்றுதான் கேட்டது. பிறகு முன் வரிசை, அதற்கு முன் வரிசை, பக்கவாட்டு வரிசை எல்லாம் தட்டின. தொகுதிக்காரரே தட்டுகிறார் என்றால் ஏதோ நல்ல சேதி கிடைத்திருக்கிறது என்று நம்பியே தட்டியிருப்பார்கள். தனக்கு மறுக்கப்பட்டதை அவரே தொடங்கிவைத்து ஓர் ஆட்சியே ஆரவாரமாகக் கொண்டாடியது.

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறுபத்தெட்டு வயதுக் கை. அறுபத்தெட்டு. கிலோமீட்டரும் வயதும் ஒரே எண்ணாக இருப்பதில் பொருள் ஒன்றும் இல்லை. ஆனாலும் மனம் பொருளில்லாத இடத்தில்தான் முள்ளில் துணி மாட்டியதுபோல மாட்டிக்கொள்கிறது. இந்தக் கைதான் விடியலில் நீர் ஊற்றுகிறது, பூவைக் காம்பு கிள்ளி எடுக்கிறது, திருநீற்றை மூன்று விரலால் அள்ளுகிறது. கூப்புவதற்கென்றே தரப்பட்டவை கைகள் என்று அவருடைய தகப்பனார் சொல்வார். மற்ற வேலைகளெல்லாம் கூப்பாத நேரத்துக்கு. தட்டுவதற்கு இது எப்போது படித்தது? ஒன்பது ஆண்டுக்கு முன், முதல் நாளில், அவர் தட்டவில்லை. சொற்களைக் கேட்டுவிட்டுத் தட்டலாமா வேண்டாமா என்று எண்ணிக்கொண்டிருந்தார். அதற்குள் தட்டல் ஓய்ந்துவிட்டது. பக்கத்து இருக்கைத் தேவசகாயம், அப்போதே மூன்றாம் முறை உறுப்பினர், வெற்றிலை மணக்கக் காதருகில் குனிந்து, அண்ணாச்சி, இங்க மூளை உறங்கலாம், கை உறங்கக் கூடாது என்றார். அதை அவர் ஊரில் பல மேடைகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். தேவசகாயம் உண்மையிலேயே உறங்குவார். உறக்கத்திலேயே, தலைவர் பெயர் காதில் விழுந்ததும் கை மட்டும் எழுந்து தட்டும், முகம் விழிக்காது. ஒருமுறை இரங்கல் தீர்மானத்தில் தட்டிவிட்டார். அன்றைக்கும் பால்வண்ணம் கைக்குட்டையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உறங்குகிறவன் தட்டியதற்குச் சிரித்தவன், விழித்திருந்து தட்டியதற்கு என்ன செய்யவேண்டும்? உறக்கம் என்று சொல்லவும் வழியில்லை. விடையின் ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. தேவை எழவில்லை என்பதும் விழுந்தது. விழுந்து, உள்ளே போய்ச் சேருமுன், கை புறப்பட்டுவிட்டது.

எதிர்ச்சுவர் முழுக்கப் பேரவை நடவடிக்கைகளின் தொகுதிகள், பச்சைத் துணி அட்டை, முதுகில் ஆண்டும் மாதமும். நண்பகல் தொடங்கி அவர் அவற்றைப் பார்க்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தார். அவை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றும் அவரைப் பார்ப்பவைபோல் இருந்தன. அந்தத் தொகுதிகளில் அவர் பெயர் எங்கெங்கே வரும் என்று அவருக்குத் தெரியும். ஆரம்பத்தில் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, பக்க எண்ணைச் சிறு நோட்டில் குறித்து வைத்தவர். நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின்மீது பன்னிரண்டு நிமிடம். குடிநீர் வாரிய மானியத்தின்மீது பத்து நிமிடம்; அதில் குடிநீர் கடைசி ஒன்றரை நிமிடத்தில் வந்தது, மணி அடித்தது, இறுதியாக என்றார், மறுபடி அடித்தது, அமர்ந்தார். பொது நூலகச் சட்டத் திருத்தத்தில் பேசியது எல்லோராலும் பாராட்டப்பட்டது. நூலகத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவருக்கென்று பேரவையில் ஒரு புகழ் உண்டு. அடியார் பாடல்களை அவர்போல வேறொருவர் சொல்ல முடியாது, ஏட்டில் பார்க்காமல், சந்தம் குலையாமல், கேட்கிறவர்கள் கண் கலங்கும்படி. இறைவன் அடி தவிர வேறொன்றும் வேண்டாம் என்று உருகியவர்களின் சொற்களை அவர் தலைவரின் இருக்கையை நோக்கிக் கைகாட்டியபடி சொல்லியிருக்கிறார். தலைவர் புன்னகைப்பார். அவை தட்டும். முதல் தடவை அப்படிச் செய்த அன்று விடுதி அறைக்கு வந்து சாமி படத்துக்கு முன் நிற்க முடியாமல் குளியலறையில் வெகுநேரம் நின்றார்; இரண்டாம் தடவை அவ்வளவு நேரம் நிற்கவில்லை; மூன்றாம் தடவை எப்போது என்று நினைவில்லை. நினைவில்லாமல் போனதைத்தான் இப்போது எண்ணியெண்ணிப் பார்க்கிறார். வெட்கம் ஒரு நாளில் செத்துப் போயிருந்தால் அந்த நாளாவது தெரியும். அது குழாய் நீர் நின்றுபோவதைப்போல நின்றிருக்கிறது. திறந்து பார்த்தபோதுதான் இல்லை என்று தெரிந்தது. பேரவைத் தொகுதிகள் அழியாதவை என்பார்கள். அவற்றுக்குள் எத்தனை அடைப்புக்குறிகளில் தன் கை பெயரில்லாமல் இருக்கும் என்று நினைத்துக் கண்களை மூடிக்கொண்டார்.

மூடிய கண்ணுக்குள் போன் ஒலித்தது. மெய்யாக ஒலிக்கவில்லை, நண்பகலில் ஒலித்தது மறுபடி உள்ளே ஒலித்தது. இரண்டு அழைப்புகள், பத்து நிமிட இடைவெளியில். முதலில் கொம்பையா, வாசலில் நின்று, ஒப்படைத்திருந்த போனைத் திரும்ப வாங்கிப் பேசினான். அண்ணாச்சி, பாத்தேன், நீங்க மேசையில ஓங்கி அடிச்சதப் பாத்தேன் என்றான். மந்திரி அப்படிச் சொன்னதும் கோவத்துல அடிச்சிட்டீங்களே, நீங்க அடிச்ச பொறவுதானே மத்தவங்களும் அடிச்சாங்க, வீட்டுல அவகிட்டச் சொல்லிட்டேன், அவளுக்கு அம்புட்டுச் சந்தோசம். அப்போது பால்வண்ணம் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. நன்றி சொல்லப் பழகிய வாய். சரிப்பா, சாயங்காலம் வா என்று சொல்லி மூடிக்கொண்டது. அடுத்தது கொறடா. அவர் குரலில் சிரிப்பும் இருந்தது, சிரிப்புக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. உங்க ஊர்ப் பக்கம் வாட்சப்புல என்னவோ ஓடுதாமே, உறுப்பினர் மேசையில அடிச்சு எதிர்ப்புக் காட்டினாருன்னு, என்ன பெரியவரே, இந்த வயசுல புரட்சியா? அதற்கு அவர் ஒரு மூச்சும் தாமதிக்கவில்லை. ஐயையோ, எதிர்ப்பெல்லாம் இல்லைங்க, எப்பவும்போலத் தட்டினேன், பழக்கம், அமைச்சர் தலைவர் பெயரைச் சொன்னாரு, கை தன்னால தட்டிருச்சு என்றார். கொறடா வெகுநேரம் சிரித்தார். அதானே, நீங்களாவது, கோவமாவது என்றார். அடுத்த ஆண்டு தேர்தல், உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது, கவலை வேண்டாம் என்று அவராகவே சொன்னார். ஆக, உண்மையைச் சொல்ல அவருக்குத் தெரியாமலில்லை. அதிகாரம் உள்ளவனிடம் உண்மை அவருக்குக் குடையாக விரிந்தது. ஏழையிடம் மௌனம் குடையாக விரிந்தது. இரண்டு குடையின்கீழும் நனையாமல் நின்றவர் ஒருவரே. தட்டியதைவிட இதுதான் கீழ்மை என்று தோன்றியது. தட்டியது கை, இதைச் செய்தது தாம்.

ஜன்னலுக்கு வெளியே துறைமுகப் பக்கத்துக் காற்று. எங்கோ லாரி பின்வாங்கும் கூவல். அந்தக் கூவலில் ஒரு ரீங்காரம் இருந்தது. ரீங்காரம் அவருடைய விரல் நுனிக்கு வந்தது, வரக்கூடாது என்று கையை மடக்கிக்கொண்டார், வந்துவிட்டது. முப்பிடாதியின் கை. போன பங்குனியில் கொம்பையா மனைவியைத் தொகுதி அலுவலகத்துக்கு அழைத்து வந்தான். வாழை மண்டியில் தார் சுமக்கிறவன். அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தான் கதவோரம் நின்றான். நாற்பத்து நான்கு வயதுப் பெண், முகம் மட்டும் அறுபது. டயாலிசிஸுக்குச் செவ்வாயும் வெள்ளியும் அவள் முறை. விடிகாலை நாலே முக்கால் பஸ். ஒரு மணி நேரம் என்பது அமைச்சரின் காருக்கு, அந்த பஸ்ஸுக்கு இரண்டேகால். நாலு மணி நேரம் கட்டிலில் ரத்தம் வெளியே போய் உள்ளே வரும். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தால் உட்காருவாள், இல்லாவிட்டால் படிக்கட்டோரம் தரையில். வழியில் வாந்தி வரும் என்று மடியில் ஒரு பை. அதையெல்லாம் அவள் புகாராகச் சொல்லவில்லை, ஊர்க்கதை சொல்வதுபோலச் சொன்னாள். இடக்கையில் சேலைத் தலைப்பை விலக்கி, டயாலிசிஸ் ஊசிக்காக அறுவை செய்து இணைத்த நரம்பு கயிறுபோல் புடைத்திருந்த இடத்தைக் காட்டி, தொட்டுப் பாருங்க அண்ணாச்சி என்றாள். அவர் தயங்கினார். சும்மா தொடுங்க, கரண்டு ஓடும், ஆனா பில்லு வராது என்று சிரித்தாள். தொட்டார். தோலுக்கு அடியில் ஒரு வண்டு ஓயாமல் சிறகடித்தது. உயிர் என்று ஏடுகளில் படித்தது விரலுக்கு அடியில் இவ்வளவு அருகில் துடிக்கும் என்று அவர் எண்ணியதில்லை. கோயில் கருவறைக் கல்லைத் தொட்டவரைப்போல விரலை எடுத்துக்கொண்டார். அன்றைக்கே வினாவை எழுதினார். எழுதியதும் இந்தக் கைதான். ஒரே கை. அந்தச் சிறகடிப்பை உணர்ந்த விரல்களே மேசைமேல் படபடத்தன. விரல்களுக்கு நினைவு இருக்காதா? இருந்திருந்தால் அந்த மரத்தின்மீது அவை இறங்கியிருக்குமா?

மணி நாலு பதினைந்து. திருத்தத் தாளுக்கு அடியில் வேறொரு தாள் இருந்தது. நண்பகலில் ஏதோ வேகத்தில் செயலகப் பிரிவில் கேட்டு வாங்கி வந்தது: விடையில் நிறைவில்லை என்றால் அதே பொருளை அரை மணி நேர விவாதத்துக்கு எடுக்கக் கோரும் அறிவிப்புப் படிவம். எதிர்க்கட்சியினர் தருவார்கள். ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் தம் அமைச்சரின் விடையில் நிறைவில்லை என்று எழுதிக் கொடுத்ததாக இந்த ஒன்பது ஆண்டில் அவர் கேட்டதில்லை. எடுத்துக் கொடுத்த எழுத்தர், யாருக்கு ஐயா என்றார், அவருக்கே இருக்கும் என்று எண்ணாமல். ஒரு நண்பருக்கு என்று பால்வண்ணம் சொன்னார். அதுவும் ஒரு பொய். இன்றைய கணக்கில் அது சின்னப் பொய். படிவம் வெறுமையாக இருந்தது. கொடுத்தால் பட்டியலில் பெயர் இராது, அது உறுதி. பெயர் இல்லாவிட்டால் என்ன? அறுபத்தெட்டு வயதில் ஊரில் அமர்ந்து பதிகம் படிக்கலாம். ஆனால் மனம் உடனே அடுத்ததைக் காட்டியது: கோயில் கொடியேற்றத்தில் முதல் மரியாதை, பரிவட்டம், வாசலில் நிற்கும் கார், அண்ணாச்சி என்று எழுந்து நிற்கும் கூட்டம். அவற்றை விட முடியாது என்று மனம் சொல்லவில்லை. விடவேண்டியது இப்போதா என்று நயமாகக் கேட்டது. கொம்பையாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் போதுமே, அதுவே பெரிய தவம் அல்லவா என்றது. சொல்லி, அழுது, கையைப் பிடித்துக்கொண்டால், அவன் பெரிய மனதோடு விடுங்க அண்ணாச்சி என்பான். நெஞ்சு இளகும். நாளைக் காலையில் பூசையில் கண்ணில் புதிய நீர் ஊறும். இந்த இடத்தில் பால்வண்ணத்துக்குள் ஏதோ தடுக்கியது. நாற்பது ஆண்டுகளாக அவர் விடியலில் படித்து உருகும் பாடல்களில், பெரியோர்கள் தம்மைப் பொய்யன் என்றும் கடையன் என்றும் நாயினும் இழிந்தவன் என்றும் சொல்லி அழுவார்கள். அவரும் அந்த இடங்களில் தவறாமல் அழுவார். அந்தக் கண்ணீர் இனித்தது. ஏன் இனித்தது? அது அவர்கள் வெட்கம். அவர்கள் தம் தோலை உரித்துத் தந்ததை அவர் பட்டுப்போலப் போர்த்திக்கொண்டார். தன்னுடையதென்று ஒரு வெட்கத்தையும் இறைவன் முன் அவர் கொண்டுவைத்ததில்லை. மற்றவர் தோட்டத்துப் பூவாலேயே நாற்பது ஆண்டு அருச்சனை நடந்திருக்கிறது. இன்று முதன்முறையாகச் சொந்தமாக ஒன்று கையில் இருக்கிறது. அது இனிக்கவில்லை. நாக்கின் அடியில் பித்தளைக் காசை அடக்கியதுபோல இருந்தது.

நகல் எடுத்த தாளையும் படிவத்தையும் சேர்த்து மடித்துக்கொண்டு அவர் கீழே இறங்கினார். படிக்கட்டு வழவழப்பாக இருந்தது; கைப்பிடியைப் பற்றிய வலக்கையை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தோம் என்று தெரியாமல் மறுபடி பற்றினார். நுழைவுச் சீட்டுக் கூடத்தில், பெஞ்சு காலியாக இருந்தும், கொம்பையா சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். காலடியில் துணிப்பை, அதில் முப்பிடாதிக்கு வாங்கிய ரப்பர் செருப்பின் முனை தெரிந்தது. கும்பிட்டான். தாளைக் கேட்டான். பால்வண்ணம் கொடுத்தார். அவன் எழுத்துக்கூட்டி மெல்லப் படித்தான். அடைப்புக்குறிக்கு வந்ததும் விரலை அங்கே வைத்து நிமிர்ந்தான். அந்தப் பார்வைக்குக் காத்திருக்காமல் பால்வண்ணம், வழியெல்லாம் கோத்து வைத்திருந்த நீண்ட வாக்கியங்களையெல்லாம் தவறவிட்டு, சொன்னார்.

"அது கோவம் இல்ல கொம்பையா. பழக்கத்துல தட்டிட்டேன். தலைவர் பேரு வந்துச்சு, கை தட்டிருச்சு. மந்திரி இல்லன்னு சொன்னதுக்குத்தான் நான் தட்டினது."

கொம்பையா தாளைப் பார்த்தான். சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் யாரோ பெயர் சொல்லி அழைத்தார்கள், வேறு யாரோ போனார்கள். அவன் தாளை நான்காக மடித்து, சட்டைப்பையில் வைத்து, பையைத் தட்டிச் சரிபார்த்தான்.

"தெரியும் அண்ணாச்சி" என்றான். "மாடத்துல இருந்து உங்க மூஞ்சி நேராத் தெரிஞ்சுது. சிரிச்சிட்டே இருந்தீங்க."

பால்வண்ணத்துக்குக் கூடத்தின் சுவர்கள் ஓரடி விலகிப் போயின. சிரித்திருக்கிறார். அது அவருக்கே தெரியாது. கையை மட்டும் குற்றம்சாட்டிக்கொண்டு இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார். முகமும் உடன் இருந்திருக்கிறது. அப்படியானால் வீட்டில் கோபம் என்று சொன்னது, போனில் தம்மிடம் சொன்னது என்று அவர் ஏதோ தொடங்கினார். கொம்பையா தரையைப் பார்த்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"அவகிட்ட வேற என்னத்தச் சொல்லச் சொல்லுதீங்க? வெள்ளிக்கிழம அவ அந்த பஸ்ஸுல ஏறணும்லா. நமக்காக ஒருத்தர் அங்க அடிச்சாருன்னு நெனச்சா ஏறிருவா. உங்ககிட்டயும் அதையே சொன்னேன், நாளைக்கு ஊருல ஆரும் கேட்டா நீங்க மாத்திச் சொல்லிரக் கூடாதேன்னு."

பால்வண்ணம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதைக் கொடுக்க அங்கே ஆள் இல்லை என்று தெரிந்தது; அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த வெறுமையைத் தாங்க மாட்டாமல் அவர், இன்றிரவே அவனோடு வண்டியேறி வருவதாகவும், வெள்ளிக்கிழமை அதே பஸ்ஸில் முப்பிடாதியோடு தாமும் போவதாகவும், அவள் காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் நெகிழ்ந்தது. நெகிழ்வது அவர் காதுக்கே கேட்டது. கேட்டதும் பாதியில் நிறுத்தினார். கொம்பையா முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. தாரின் காம்பை அழுத்தி, பழம் தேறுமா என்று பார்க்கிற பார்வை.

"வராதீங்க அண்ணாச்சி. வந்தா அவளுக்குத் தெரிஞ்சிரும். பஸ்ஸுல நீங்க ஒரு சீட்டுல இருந்தா நிக்கிற ஆளு ஒண்ணு கூடும், அம்புட்டுதான். நீங்க இங்கயே இருங்க. இன்னொரு மட்டம் கேளுங்க." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ஏதோ விட்டுப்போனதுபோல நின்றான். "சிரிக்காமக் கேளுங்க."

அவன் வாசலைத் தாண்டி, சாலையைக் கடக்கக் காத்து நிற்கும் ஆட்களோடு ஒருவனாகி, பஸ் ஒன்றின் பின்னால் மறைந்தான். பால்வண்ணம் விடைபெறக் கைகூப்ப மறந்திருந்தார். கூடத்துக் கடிகாரம் நாலு நாற்பத்தெட்டு. மேலே ஏறவேண்டும், ஜெசிந்தா வந்துவிடுவாள். தாள்தோறும் கையொப்பமிட்டுக் கொடுக்கவேண்டும். பிழை ஏதும் இல்லை என்று சொல்லவேண்டும். அதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். அவர் அந்தக் காலிப் பெஞ்சில் அமர்ந்து, மடித்த படிவத்தைத் தொடைமீது விரித்தார். முதல் கட்டம்: உறுப்பினர் பெயர். பேனாவைத் திறந்தபோது, தெய்வமே என்று வழக்கமாக வரும் சொல் வரவில்லை. யாருடைய பாடலும் வரவில்லை. பட்டியல் வந்தது, கொறடாவின் சிரிப்பு வந்தது, கொடியேற்றம் வந்தது, அவை ஒவ்வொன்றும் நயமாக ஏதோ கேட்டன. இடக்கையால் வலக்கையின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். பற்றிய விரலுக்கு அடியில், தோலுக்குள், தம்முடைய நாடி சிறகடிப்பது தெரிந்தது. மிக மெல்லியது, அவளுடையதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அது அடங்கட்டும் என்று காத்திருக்கவில்லை. விடையில் எவ்வகையில் நிறைவில்லை என்ற கட்டத்தில், நன்றி என்ற சொல்லோடு தொடங்கிவிட்ட முதல் வரியை அடித்துவிட்டு, அதன் கீழே எழுதத் தொடங்கினார்: பேருந்து காலை நாலே முக்காலுக்கு.